கடை வாசலில் நிற்பது யார் வண்டி?

(விவாதத் தலைப்பு: ‘கடைவீதியில் வண்டி நிறுத்தக் கட்டணம் தேவையா, தேவையில்லையா?’ ‘தேவையே!’ என்ற அணியில் பேசியது)



நான் பிறந்தது அரியலூர். வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர். ஒன்று சிமெண்ட் ஊர், இன்னொன்று சின்ன வெங்காய ஊர். அதனாலே என் பேச்சு கொஞ்சம் கெட்டியாகவும் இருக்கும், கேட்கிறவங்க கண்ணிலே கொஞ்சம் தண்ணியும் வரும். பொறுத்துக்கணும். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி அண்ணன் என்ன கேட்டார்? ‘ரோடு யார் வீட்டுச் சொத்து? வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டியாச்சு. இன்சூரன்ஸ் கட்டியாச்சு. பெட்ரோலுக்கு வரி கட்டறோம். சென்னைக்குப் போனா திருமாந்துறையிலே சுங்கம் கட்டறோம், திருச்சிக்குப் போனா சமயபுரத்திலே சுங்கம் கட்டறோம். ஓடறதுக்கும் காசு, நிக்கிறதுக்கும் காசா? நாளைக்கு மூச்சு விடறதுக்கும் ரசீது கிழிப்பீங்களா?’ என்று கேட்டார். நானே கை தட்டினேன் ஐயா. பேச்சு அவ்வளவு நல்லா இருந்தது. நியாயம்தான் கொஞ்சம் இடிக்குது.

சாலை வரி வாங்குகிறது மாநில அரசு. 1974ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, வண்டி ஓட்டுவதற்காக வாங்குகிறது. அந்த வரியைக் கட்டினவருக்குத் தெருவிலே போகிற உரிமை கிடைக்குது. தெருவிலே படுக்கிற உரிமை எங்கே கிடைச்சது? பஸ்ஸிலே டிக்கெட் எடுத்தா உட்கார்ந்து போகலாம். ‘டிக்கெட் எடுத்திருக்கேன், இனிமே இந்த சீட்டு என் பேர்லே பட்டா’ என்று சொன்னால் கண்டக்டர் விடுவாரா? (சிரிப்பு)

நான் பெரம்பலூர்க் கடைவீதியிலே பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும். சட்டத்தைப் பற்றி அப்புறம் பேசறேன். முதலிலே எங்க கடை வாசலிலே நடந்த ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். இதிலே குற்றவாளி யாரென்று கடைசியிலே நானே சொல்லிவிடுவேன், நீங்க தேட வேண்டாம்.

செட்டிகுளம் பக்கம் ஒரு கிராமத்திலேயிருந்து ஒரு ஆயா எங்க கடைக்கு வரும். என் மாமியார் காலத்து வாடிக்கை. மூணு பொண்ணுங்களுக்கும் சீர்ப் பாத்திரம் எங்க கடையிலேதான் வாங்கிச்சு. போன சித்திரையிலே பேத்திக்குச் சடங்கு. பித்தளைக் குடம், தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாம் வாங்கணும்னு வந்திருக்கு. பழைய பேருந்து நிலையத்திலே இறங்கி ஒரு ஆட்டோ பிடிச்சிருக்கு. ஆட்டோக்காரத் தம்பி கடைவீதி முனையிலேயே நிறுத்திட்டான். ‘உள்ளே போனா திரும்ப முடியாது ஆயா, இறங்கிக்க’ என்கிறான். அவன் சொல்றது பொய்யில்லை. இந்தப் பக்கம் ரெண்டு வரிசை வண்டி, அந்தப் பக்கம் ரெண்டு வரிசை வண்டி, நடுவிலே ஒரு மினி லாரி மூட்டை இறக்கிக்கிட்டு நிக்குது.

சித்திரை வெயில். ஆயா நடந்து வருது. எங்க கடை வாசலுக்கு வந்தாச்சு. வாசல் தெரியுது, வழி இல்லை. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவிலே சந்து மாதிரி ஒரு இடம். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு அதிலே நுழைஞ்சிருக்கு. ஒரு வண்டி அப்பத்தான் வந்து நின்றிருக்கிறது. சைலன்சர் கொதிக்குது. கெண்டைக்கால் அப்படியே அதிலே ஒட்டிப்போச்சு.

சத்தம் கேட்டு ஓடினேன். தண்ணி ஊத்தினோம், மருந்து தடவினோம். தோல் வழண்டு போச்சு ஐயா. அந்த வலியிலேயும் ஆயா என்ன சொல்லிச்சு தெரியுமா? ‘உன் கடைக்குக் கதவு இருக்கு தாயி, வழி இல்லையே’ன்னு சொல்லிச்சு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ‘எவன்டா இந்த வண்டியை இப்படிக் குறுக்கே செருகினது?’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் மெதுவா எட்டிப் பார்த்து, ‘நான்தான்... பேங்குக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன்’ என்றார். (நீண்ட சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரலை.

மறுநாள் கல்லாவிலே உட்கார்ந்துகொண்டு, அட்டை நோட்டின் பின்பக்கத்திலே எழுத ஆரம்பித்தேன். எங்க கடை வாசல் அகலம் 15 அடி. ஒரு இருசக்கர வண்டி நிற்க ஒரு மீட்டர் அகலம் வேணும், நம்ம அரசாங்கத்துக் கட்டட விதியே அப்படித்தான் கணக்குப் போடுது. அதாவது மூணே கால் அடி. நெருக்கி நிறுத்தினா எங்க வாசலிலே அஞ்சு வண்டி நிற்கும். எங்க கடையிலே முதலாளி, வேலையாட்கள் எல்லாம் சேர்த்து எத்தனை வண்டி? அஞ்சு வண்டி! காலையிலே 9 மணிக்கு வந்து நிற்கிற வண்டி ராத்திரி 9 மணிக்குத்தான் நகருது. எங்க கடைக்கு வர்றவங்க எங்க கடை வாசலிலே நிறுத்தறதுக்கு ஒரு சாண் இடம்கூட நாங்க வச்சிருக்கலை.

ஒருத்தர் வந்து அரை மணி நேரம் நின்று சாமான் வாங்கிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரத்திலே ஒரே இடத்திலே 24 பேர் மாறி மாறி நிறுத்தலாம். அஞ்சு இடம் என்றால் 120 பேர். அந்த 120 பேருடைய இடத்தை நாங்க அஞ்சு பேர் அடைச்சு வச்சுக்கிட்டு, ‘வியாபாரம் டல்லு, எல்லாரும் ஆன்லைனிலே வாங்கறான்’ என்று புலம்பிக்கிட்டு இருந்தோம். பக்கத்துக் கடையைப் பார்த்தேன், அங்கேயும் இதே கதை. எதிர்க்கடையும் இதே கதை.

எதிரணியிலே ‘கட்டணம் போட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார், வியாபாரி வயித்திலே அடிக்காதீங்க’ என்று ஒரு சகோதரி கண்ணீர் விட்டார்கள். சகோதரி, நான் வியாபாரி சொல்றேன். வாடிக்கையாளரை விரட்டினது அஞ்சு ரூபாய்ச் சீட்டு இல்லை. காசே இல்லாமல் நாள் முழுக்க நிற்கிற எங்க வண்டி! (கைதட்டல்)

இது ஏதோ பெரம்பலூர்க்காரங்க புத்தி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலேயும் இதே கூத்து நடந்திருக்கு. அங்கே ஓக்லஹோமா சிட்டி என்று ஒரு ஊர். அந்த ஊர்க் கடைத்தெருவிலே வேலை பார்க்கிறவர்கள் காலையிலே காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு சாயங்காலம்தான் எடுப்பார்கள். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இடம் கிடைக்காது. கார்ல் மெகி என்று ஒரு பத்திரிகை ஆசிரியர், வியாபாரிகள் சங்கத்துப் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், இதுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காசு போட்டால் ஓடுகிற ஒரு மீட்டர். 1935ஆம் வருஷம் ஜூலை 16ஆம் தேதி உலகத்திலேயே முதல் பார்க்கிங் மீட்டர் அந்த ஊரிலே நட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். கவனிக்கணும் ஐயா, கஜானாவை நிரப்பணும் என்று ஆரம்பித்த திட்டம் இல்லை. வந்த வண்டி வேலையை முடித்துக்கொண்டு கிளம்பட்டும் என்று ஆரம்பித்த திட்டம்.

‘வெளிநாட்டுக் கதை நமக்கு எதுக்கு?’ என்பார் எதிரணி அண்ணன். சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். ‘பேட்டை, பேட்டை’ என்கிறோமே, எத்தனை ஊரிலே வண்டிப்பேட்டை என்று ஒரு இடம் இருக்கிறது! என்ன அது? மாட்டு வண்டிகள் வந்து நிற்கிற இடம். 19ஆம் நூற்றாண்டிலே விருதுநகர், சிவகாசி, திருமங்கலம் பக்கத்திலே நாடார் வணிகர்கள் பேட்டைகள் கட்டினார்கள். சுற்றிலும் மதில். ராத்திரியிலே மாட்டுக்கும் மூட்டைக்கும் திருட்டுப் பயம் இல்லை. சும்மா நிறுத்தினார்களா? மகமை என்று ஒரு தொகை கொடுத்தார்கள். அந்த மகமைப் பணம் எங்கே போச்சு? பேட்டையைப் பராமரித்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1889இலே விருதுநகரிலே சத்திரிய வித்யாசாலா என்ற பள்ளிக்கூடம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்திலே படித்த பையன் ஒருத்தர் பின்னாலே இந்த நாட்டுக்கே மதிய உணவு போடக் கற்றுக்கொடுத்தார். எங்க பெரம்பலூரிலே அவர் பேரிலேதான் காமராஜர் வளைவு நிற்குது. அந்த வளைவைச் சுற்றி இன்னைக்கு எத்தனை வண்டி தாறுமாறாக நிற்குது என்று நான் சொல்ல விரும்பலை. (கைதட்டல்)

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயும் இது இருந்தது. 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, வண்டி நிற்க நகராட்சி இடம் அமைக்கலாம், அதற்குக் கட்டணம் வாங்கலாம் என்று எழுதியிருந்தது. மாட்டு வண்டிக்குக் காசு கொடுத்து நிறுத்தின தாத்தாவுடைய பேரன்தான், மோட்டார் வண்டிக்குக் காசு கேட்டால் ‘இது என்ன புது அநியாயம்?’ என்கிறான்!

இப்போ பெரம்பலூர், அரியலூர் கதைக்கு வருகிறேன். பெரம்பலூர் 1995இலே மாவட்டத் தலைநகர் ஆச்சு. அரியலூரை 2001இலே தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், 2002இலே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007இலே மறுபடியும் பிரித்தார்கள். எங்க மாமியார் வீட்டுக்கும் எங்க அம்மா வீட்டுக்கும்கூட இத்தனை தடவை சண்டையும் சமாதானமும் நடந்ததில்லை. (சிரிப்பு) மாவட்டம் வந்தது, கலெக்டர் ஆபீஸ் வந்தது, கோர்ட்டு வந்தது, காலேஜ்கள் வந்தன, ஷோரூம் வந்தது. தவணையிலே வீட்டுக்கு ரெண்டு வண்டி வந்தது. கடைவீதி மட்டும் எங்க மாமனார் கூண்டு வண்டியிலே வந்த காலத்து அகலத்திலேயே இருக்கு.

அரியலூர்ப் பெரிய கடைவீதியும் அப்படியே. தேரடியிலேயிருந்து நான் பாவாடை கட்டிக்கொண்டு ஓடின தெரு. இன்னைக்கு என் பொண்ணைக் கை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவே பயமா இருக்கு. அங்கே இன்னொரு துன்பமும் உண்டு. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றுகிற லாரிகள். ராத்திரியிலே ரோட்டு ஓரத்திலே விளக்கு இல்லாமல் நிற்கிற லாரி, எதிரிலே வருகிற வண்டி வெளிச்சத்திலே தெரியவே தெரியாது. அப்படி ஒரு லாரியின் பின்னாலே மோதித்தான் என்னோட படிச்ச ஒருத்தியுடைய தம்பி போய்ச் சேர்ந்தான். இருபத்திரண்டு வயசு. அந்த லாரி ஓடிக்கொண்டிருக்கவில்லை ஐயா, நின்றுகொண்டிருந்தது. நின்ற வண்டியும் ஆளைக் கொல்லும். அதற்கு நிறுத்துமிடம் கட்டிக் கொடுத்து, காசு வாங்கிக்கொண்டு, உள்ளே நிறுத்து என்று சொன்னால் அது கொள்ளையா?

(சற்று இடைவெளி)

அரியலூர் பக்கம் வாரணவாசியிலே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாலே எங்க ஊர் கடலாக இருந்ததாம். அந்தக் கடலிலே இருந்த நத்தை, சங்கு எல்லாம் கல்லாகிப்போய் அங்கே இருக்கு. வந்து நின்றது நின்றதுதான், நகரவே இல்லை. எங்க கடைவீதியிலேயும் சில வண்டிகள் அப்படித்தான். டயரிலே காற்று இல்லை, சீட்டிலே நாய் படுத்திருக்கும், போன தீபாவளிக்கும் அங்கேதான் நின்றது. (சிரிப்பு) மோட்டார் வாகனச் சட்டம், 1988ஆம் வருஷத்துச் சட்டம், 127ஆவது பிரிவு, பொது இடத்திலே 10 மணி நேரத்துக்கு மேலே கேட்பாரற்று நிற்கிற வண்டியை இழுத்துக்கொண்டு போகலாம் என்கிறது. இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தால் முதலிலே போவது எங்க கடைவீதி முதலாளிமார் வண்டிகளாகத்தான் இருக்கும். எங்க கணக்கு 12 மணி நேரம் ஆச்சே!

எதிரணியிலே பேசின மூணாவது பேச்சாளர் ஒரு உண்மை சொன்னார். அதை நான் மறுக்க மாட்டேன். ‘ஏலம் எடுத்தவன் அடாவடி பண்றான். சீட்டிலே பத்து ரூபாய், வாயிலே இருபது ரூபாய். கேட்டால் நாலு பேர் வந்து நிற்கிறான்’ என்றார். எனக்கும் நடந்திருக்கு. ஊர் பேர் வேண்டாம். ஒரு பஸ் ஸ்டாண்டு ஸ்டாண்டிலே வண்டியை விட்டுவிட்டு ராத்திரி வந்தேன். ஹெல்மெட்டைக் காணோம். கேட்டால், ‘வண்டிக்குத்தான் அக்கா பொறுப்பு, ஹெல்மெட்டுக்கு இல்லை’ என்றான். சரி, ரசீது கொடு என்றால், ‘மெஷின் ரிப்பேர்’ என்றான். அன்னைக்கு வயிறு எரிஞ்சுதான் வந்தேன்.

ஆனா ஒண்ணு யோசிக்கணும். ரேஷன் கடையிலே எடை குறைஞ்சா எடையைச் சரி பண்ணச் சொல்வோமா, ரேஷன் கடையையே மூடச் சொல்வோமா? வருஷத்துக்கு ஒரு தடவை ஏலம் விட்டு, அதிகத் தொகை கேட்டவனிடம் கொடுத்துவிட்டு, நகராட்சி கையைக் கழுவிவிட்டால் அவன் போட்ட பணத்தை எப்படியாவது எடுக்கத்தான் பார்ப்பான். கட்டணத்தைப் பெரிய எழுத்திலே போர்டு எழுதி வை. ரசீது இல்லாவிட்டால் காசு இல்லை என்று அந்தப் போர்டிலேயே போடு. இப்போதான் பூக்காரம்மாகூட ஜிபே அட்டை வச்சிருக்காங்களே, நேராக நகராட்சிக் கணக்குக்கே பணம் போகட்டும். நடுவிலே எதுக்கு நாலு தடியாள்?

அதைவிட முக்கியம், முதலிலே இடம். எங்க வீட்டுக்கார் தம்பி, என் கொழுந்தன், ஒருத்தர் இருக்கிறார். பெரம்பலூர் மாவட்டத் தலைநகர்தான், ஆனா ரயில் கிடையாது. சென்னைக்கு ரயிலிலே போகணும்னா அரியலூருக்குத்தான் போகணும். பைக்கிலே அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய், ஸ்டாண்டிலே வண்டியை விட்டு, டோக்கன் வாங்கி, பல்லவனைப் பிடித்துப் போவார். ரெண்டு நாள் கழித்து வந்து, கேட்கிற காசைக் கொடுத்துவிட்டு, ‘வண்டி பத்திரமா இருந்துச்சு அண்ணி’ என்று சந்தோஷமாக வருவார். அதே கொழுந்தன் கடைவீதியிலே சின்னதா ஒரு தொகை கேட்டால் சட்டையை மடிச்சுவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போவார். ஏன்? ஸ்டேஷனிலே அவருக்கு ஒரு இடம் கிடைச்சது, மேலே கூரை இருந்தது, கையிலே டோக்கன் இருந்தது. கடைவீதியிலே என்ன கிடைச்சது? சாக்கடை ஓரத்திலே தானே தேடிக்கண்டுபிடிச்ச ஒரு பொந்து. அதுக்குக் காசு கேட்டா யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

ஆகவே நான் கட்டணத்துக்கு வக்காலத்து வாங்கறேனே தவிர, வெறும் சீட்டுக் கிழிக்கிறதுக்கு வக்காலத்து வாங்கலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு, வண்டி எங்கே நிற்கலாம் என்று இடம் குறிக்கச் சொல்லுது. குறிச்சுக் கொடு. கோடு போடு. நடக்கிறவங்களுக்கு முதலிலே வழி விடு, மிச்சத்திலே வண்டி நிற்கட்டும். விடிகாலையிலே உழவர் சந்தைக்கு மூட்டை கொண்டு வருகிற விவசாயியிடம் கேட்காதே. மூணு சக்கர ஸ்கூட்டரிலே வருகிற மாற்றுத்திறனாளியிடம் கேட்காதே. டிவிஎஸ் ஃபிஃப்டியிலே வெங்காய மூட்டை வச்சு வர்றவருக்கு முதல் அரை மணி சும்மா விடு. அதுக்கு மேலே நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் கூட்டு. நாள் முழுக்க நிற்கிற வண்டிக்கு, அதாவது எனக்கு, நல்லா வலிக்கிற மாதிரி போடு!

காருக்கு இன்னும் நல்லாவே போடலாம். ஒரு கார் நிற்க நம்ம விதியிலே கணக்கு ரெண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர். சுமார் 135 சதுர அடி. எங்க கடைவீதியிலே அந்த அளவுக்குள்ளே ஒரு வளையல் கடை, ஒரு செல்போன் கடை நடக்குது. அந்தக் கடைக்காரர் முன்பணம் கொடுத்து, மாசாமாசம் வாடகை கொடுத்து, அந்த 135 சதுர அடியிலே குடும்பத்தையே காப்பாத்தறார். அதே அளவு இடத்தைக் கார்க்காரர் ஒரு பைசா இல்லாமல் எடுத்துக்கொள்கிறார். கார் வச்சிருக்கிறவருக்கு இலவசம், பிளாட்பாரத்திலே கொய்யாப்பழம் விற்கிற கிழவிக்குத் தினசரித் தரை வாடகை! இதை மட்டும் யாரும் அநியாயம்னு சொல்ல மாட்டேங்கறோம். (பலத்த கைதட்டல்) மத்திய அரசே 2006ஆம் வருஷத்து நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையிலே சொல்லிவிட்டது, நிறுத்துகிற கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்டுகிற மாதிரி இருக்கணும் என்று. ஜப்பானிலே 1962லேயே சட்டம் போட்டுவிட்டான், காரை நிறுத்த உனக்கு ஒரு இடம் இருக்கு என்று சான்று காட்டினால்தான் கார் பதிவு பண்ணலாம் என்று. நம்ம ஊரிலே அந்தச் சட்டம் வந்தால் எத்தனை பேர் வீட்டுக் கார் நாளைக்கே ஓ.எல்.எக்ஸ். விளம்பரத்துக்குப் போகும் என்று நினைத்துப் பாருங்க! புதுசாகக் கட்டுகிற வணிகக் கட்டடத்துக்கு நம்ம மாநிலத்திலேயும் நிறுத்துமிடம் விடணும்னு விதி இருக்கு. வரைபடத்திலே கீழ்த்தளம் பார்க்கிங். போய்ப் பார்த்தால் கீழ்த்தளத்திலே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்.

‘ஒவ்வொருத்தரும் மனசாட்சியோடு நடந்தா கட்டணமே வேண்டாமே’ என்று எதிரணித் தலைவர் அருமையாகச் சொன்னார். அதையும் நான் செஞ்சு பார்த்துட்டேன் ஐயா. ஆயாவுக்குக் கால் வெந்த அந்த வாரமே, பழைய பேருந்து நிலையம் பக்கத்திலே ஒரு தனியார் ஸ்டாண்டிலே எங்க அஞ்சு வண்டிக்கும் மாசக் காசு கட்டினேன். வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோடு பேசலை. ‘நம்ம கடை வாசல்லே நம்ம வண்டி நிக்கறதை விட்டுட்டு, எவனுக்கோ காசு கட்டணுமா?’ என்றார். ‘வாசல் நம்மதுங்க, வாசலுக்கு வெளியே தெரு நகராட்சியோடது’ என்றேன். சரி, வாசல் காலியாச்சு. காலையிலே 9 மணிக்குப் பார்த்தேன், என்னா அழகு! தண்ணி தெளிச்சுப் பெரிசா ஒரு கோலம்கூடப் போட்டேன்.

9:10க்குப் பக்கத்துக் கடைக்காரர் வண்டி என் கோலத்து மேலே நின்னுச்சு. (சிரிப்பு) 9:15க்கு எதிர்க்கடைப் பசங்க வண்டி ரெண்டு. கேட்டதுக்கு, ‘காலியாத்தானே அக்கா இருந்துச்சு’ன்னான். தப்பு அவன் மேலே இல்லை. காலியா இருக்கிற, காசு இல்லாத இடத்தை யார் விடுவாங்க? நான் ஒருத்தி மாசக் காசு கட்டறேன், என் வாசலிலே வேற அஞ்சு வண்டி சும்மா நிற்குது. என் மனசாட்சிக்கு மாசாமாசம் செலவு ஆச்சே ஒழிய, ஆயாவுக்கு வழி கிடைக்கலை. அதனாலேதான் சொல்றேன், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு கட்டணம் வேணும்.

வாங்குகிற காசு அந்தத் தெருவுக்கே செலவாகணும், அதிலேயும் நான் பிடிவாதம். கடைவீதிக்கு வருகிற பொம்பளைங்களுக்கு ஒரு சுத்தமான கழிப்பறை, சாக்கடைக்கு மூடி, வயசானவங்க உட்கார ஒரு நிழல். அதைக் கண்ணாலே பார்த்தால் அஞ்சு ரூபாய் கொடுக்கிற கை அஞ்சாது.

நடுவர் ஐயா மணியிலே கை வைக்கிறார். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க.

போன வாரம் அந்த ஆயா போன் பண்ணிச்சு. பேத்திக்கு வர்ற தை மாசம் கல்யாணம். பெரியவளுக்கு. சீர்ப் பாத்திரம் முழுக்க எங்க கடையிலேதான் எடுக்கணும்னு அதுக்கு ஆசை. ‘தாயி, அண்டாவும் தவலையும் நீயே வண்டியிலே ஏத்திக்கிட்டு எங்க ஊருக்கு வந்துடறியா? காசு முன்னாலேயே குடுத்துடறேன். உன் தெருவுக்கு மட்டும் நான் வரமாட்டேன்’ என்றது. எங்க மாமியார் காலத்திலேயிருந்து நாற்பது வருஷமா வந்த ஆளு. பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, பேரம் பேசி, கடையிலே உட்கார்ந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போனால்தான் அதுக்கு வாங்கின மாதிரி இருக்கும். எனக்கும் வித்த மாதிரி இருக்கும்.

தைக்கு இன்னும் நாள் இருக்கு. ஆயாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. எங்க நகராட்சி என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்னு வச்சிருக்கேன்.

மணி அடிச்சிட்டீங்க ஐயா. (கைதட்டல்)